கண்டேன் என்று எழுதியவர்கள்

பன்னிரண்டு மணிக்கு ஃபாதர் தொபியாஸ் போனில் கூப்பிடுவார். இப்போது பத்து ஐந்து. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கிடக்கிறது, அதற்குள் இரண்டு பக்கமாவது படியெடுத்துவிட்டால் மனது ஒரு நிலைக்கு வந்துவிடும், லத்தீன் என்னை எப்போதும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது, என்று சொல்லிக்கொண்டே ஏற்கெனவே சீவிய பென்சிலை மறுபடி சீவுகிறேன். நூலகர் மதாம் கோடெலீவ் சுவடியைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் இருக்கும் நுரைமெத்தையில் கிடத்துகிறார். "இன்றைக்கு மேகம், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கள்" என்கிறார் மெதுவாக. நகர்கிறேன். மூன்று வருடமாக மே மாதம் வந்தால் கல்லூரிக்கு விடுமுறை விட்ட மறுநாளே விமானம் ஏறி, மழை ஓயாத இந்தச் சின்ன ஊர் நூலகத்துக்கு வந்துவிடுகிறேன், இந்த ஒரு சுவடிக்காக. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய தோல் ஏடு. முகர்ந்தால் இன்னும் லேசாக மிருகத்தின் வாடை. உள்ளே ஒன்பது புனிதர்களின் வரலாறு, ஒன்றில்கூட எழுதியவன் பேர் இல்லை. பேரைச் சொல்லமாட்டான். நான் பாவி, என் பேரில் என்ன இருக்கிறது என்று தொடக்கத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒளிந்துகொள்வான். இந்தக் கூட்டத்தோடுதான் இருபத்தாறு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். யார் எவனிடமிருந்து எந்த வரியைத் திருடினான், எந்த அற்புதம் எந்தப் பழைய ஏட்டிலிருந்து நடந்து வந்தது, அதுதான் என் வேலை. பைக்குள் ஃபாதர் தொபியாஸ் அனுப்பிய தாள் மடித்துக் கிடக்கிறது, பன்னிரண்டு கேள்வி, எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம். ஏழாவது கேள்வி: சிஸ்டர் எமரென்சியா அவர்களின் கடைசி வேளையைத் தாங்கள் நேரில் கண்டீர்களா? கண்டதை மட்டும் எழுதவும்.

எமரென்சியா என் அக்கா. என்னைவிட ஏழு வயசு மூத்தவள். பத்தொன்பது வயசில் மடத்துக்குப் போனாள், முப்பத்திரண்டு வருடம் கன்னியாஸ்திரீ, அதில் கடைசிப் பதினேழு வருடம் மலையடிவாரத்தில் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியில், புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிற வேலை. பதினாலு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. வெளியே போகிறவர்கள் போகலாம் என்று மடத்திலிருந்து வேன் அனுப்பினார்கள். அவள் ஏறவில்லை. மூன்று வாரத்தில் அவளுக்கே வந்துவிட்டது. செய்தி கேட்டு நான் போனேன், பதினொரு நாள் அங்கே இருந்தேன், பன்னிரண்டாம் நாள் தூத்துக்குடிக்குத் திரும்பினேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், முன்னால் அரிவாள்மணை, பக்கத்தில் மீன், என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்படிளா போனா?" நான் சொன்னேன், "சேசு மரி சூசைன்னு செபம் சொல்லிக்கிட்டே, மலர்ந்த முகத்தோட போனாம்மா." மலர்ந்த முகத்தோட. எங்கள் வீட்டு அடுப்படியில் யாரும் அப்படிப் பேசினதில்லை. சிரிச்ச முகமா என்று சொல்லலாம், தூங்குற மாதிரி என்று சொல்லலாம். அது என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த வருடம் நான் ஒரு அப்பெஸின், மடத்துத் தலைவியின், சாவைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன், அதில் வரும், ஹிலாரி வுல்த்து, மலர்ந்த முகத்தோடு. நூற்றுக்கணக்கான புனிதர்கள் அந்த இரண்டு சொல்லில்தான் சாகிறார்கள். அம்மா அதைக் கவனிக்கவில்லை. "அப்ப சரி" என்றாள். அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா அதையே சொன்னாள், பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார், மடத்துப் பத்திரிகையில் வந்தது, பிறகு கல்லறையில் மெழுகுவர்த்தி எரிய ஆரம்பித்தது, பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை என்றார்கள், முடங்கிய கால் நீண்டது என்றார்கள், படம் அச்சடித்தார்கள், பின்பக்கம் செபம், முன்பக்கம் அவள் முகத்துக்குக் கீழே நீல எழுத்தில் மலர்ந்த முகத்தோடு விண்ணகம் சென்ற அன்னை. எட்டு மொழியில் அந்த அட்டை இருக்கிறதாம். இப்போது மறைமாவட்டம் விசாரணைக் குழு போட்டிருக்கிறது, ஃபாதர் தொபியாஸ் அதன் செயலர், அவள் புனிதையா என்று பார்க்க வேண்டும், சாட்சி வேண்டும், முதல் சாட்சி நான்.

இந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். ரதெவிந்தா என்ற ஒரு கன்னிகையின் சாவு. படுத்திருக்கிறாள், சகோதரிகள் சுற்றிலும் நிற்கிறார்கள், வாசனை வருகிறது, வரத்தான் செய்யும், எந்தப் புனிதை வாசனை இல்லாமல் செத்தாள், பிறகு எழுதியவன் குறுக்கே வந்து தலையைக் காட்டுகிறான்: நானே என் கண்ணால் கண்டேன். லத்தீனில் வீதி. முதல் வருட வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள், வீதின்னா தெருவா டீச்சர் என்று. தெரு இல்லை பிள்ளைகளா, கண்டேன். இந்தச் சுவடிகளில் மிக அதிகம் திருடப்பட்ட சொல் அதுதான் என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். நாற்பத்தோரு வரலாறுகளை வைத்துக்கொண்டு, கண்டேன் என்றவர்களில் முப்பது பேர் அந்தச் சாவு நடந்து நூறு வருடம் கழித்துப் பிறந்தவர்கள் என்று காட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு அம்மையார் மட்டும் அதை வாசித்த கூட்டம் முடிந்து காபி வாங்கும் இடத்தில் கேட்டார், "அவர்கள் மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" கோபமா, எனக்கா, என்று சிரித்து வைத்தேன். கோபம்தான். அந்த அம்மையார் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். இதோ இந்த வரியில் அந்தச் சொல் ஏன் இப்படி இழுத்துக்கொண்டு கிடக்கிறது. லத்தீனில் நான்கே எழுத்து, ஆறு எழுத்துக்கான இடத்தில். சுற்றிலும் எல்லாச் சொல்லும் நெருக்கியடித்து நிற்க, இது மட்டும் காலை அகட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று வருடமாக இதை எப்படிப் பார்க்காமல் போனேன். மதாமிடம் கையைக் காட்டி விளக்குக் கேட்கிறேன், சின்ன விளக்கு, பக்கவாட்டில் பிடிக்கிறேன். தோல் அங்கே மட்டும் சொரசொரப்பு. கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள், அதன் மேல் எழுதிய மை கசிந்து ஓரம் விரிந்திருக்கிறது. அடியில் பழைய எழுத்தின் எலும்பு. ஒரு அ, அப்புறம் ஒரு தண்டு மேலே போகிறது, கடைசியில் இரண்டு கோடு. அவுதீவி. கேட்டேன். முதலில் அவன் காதால் கேட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறான். யாரோ சொல்லி, அல்லது தானே யோசித்து, கத்தியை எடுத்துச் சுரண்டிவிட்டுக் கண்டேன் என்று போட்டிருக்கிறான். விளக்கை இன்னும் தாழ்த்திப் பிடித்து மறுபடி பார்க்கிறேன். "ஏதாவது கிடைத்ததா?" என்கிறார் மதாம். "ஒரு திருத்தம்" என்கிறேன். "நல்ல திருத்தமா?" தெரியவில்லை மதாம்.

பத்து ஐம்பது. படியெடு ரெமி, என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், எழுது, சுரண்டல், ஏடு எண்பத்தெட்டு, முன்பக்கம், வரி பதினான்கு. எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த வராந்தா வந்துவிடுகிறது, ஃபினாயில் வாடை, பச்சை அடித்த கதவு, கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு, பெஞ்சுக்குப் பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி. முதல் எட்டு நாள் நான் உள்ளேதான் இருந்தேன். டாக்டர் கொடுத்த முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன், கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினேன், இதெல்லாம் உண்மை, இதெல்லாம் எழுதலாம். அவளுக்குச் சாக விருப்பமில்லை. அதுதான் நான் பதினாலு வருடமாக யாரிடமும் சொல்லாதது, சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது. "ஏளா ரெமி, என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு" என்பாள். "சரியாயிரும்க்கா." "ஆகாதுளா. எனக்குத் தெரியும், எத்தனை பேரைப் பாத்திருக்கேன். எனக்குப் பயமா இருக்கு." மடத்துச் சிஸ்டர் பாடுபட்ட சுருபத்தை, சின்னச் சிலுவையை, கொண்டுவந்து கையில் வைத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சிஸ்டரும் அடுத்த வருடம் இறந்துபோனார், அதனால் அதைப் பார்த்த ஆள் நான் மட்டும்தான். இதை ஃபாதரிடம் சொல்வதா என்பதுதானே கேள்வி. முகத்தைத் திருப்பிக்கொண்டவளுக்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சரி. அப்புறம் ஒன்பதாம் நாள். ஒன்பதாம் நாள் காலை நர்ஸ் லூர்தம்மா அதே காய்ச்சலில், ஒரே ராத்திரியில், இறந்துபோனாள். இருபத்துமூன்று வயசுப் பிள்ளை, முந்தின நாள் சாயங்காலம் அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டு, டீச்சர் நீங்க போய்ச் சாப்பிடுங்க நான் பாத்துக்கிறேன் என்று சொன்னவள். அப்புறம். அப்புறம் அந்தக் கதவு. ஒவ்வொரு தடவையும் நினைப்பு அதுவரை வரும், பச்சைக் கதவு, பித்தளைக் கைப்பிடி, கைப்பிடிக்குக் கீழே யாரோ ஆணியால் கீறிய சிலுவை, வந்து நின்று திரும்பி வேறு வழியாகப் போய்விடும். இப்போதும் திரும்பு. வரி பதினைந்து. சகோதரிகள் அழுதுகொண்டே சங்கீதம் பாடினார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன. யாருக்கு நஷ்டம். பிள்ளை பெற்றவள் சந்தோஷமாக இருக்கிறாள், கால் நீண்டவன் நடக்கிறான். அம்மா கடைசியில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், அதைத் தொட்டுக்கொண்டேதான் கண்ணை மூடினாள், அதை நான் பார்த்தேன், என் கண்ணாலேயே. பொய்தான் அம்மாவைத் தூங்கவைத்தது. இந்தச் சுவடிக்காரனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். அல்லது ஒரு மடம் முழுக்கக் காத்துக்கொண்டு இருந்திருக்கும், எப்படிப் போனாள், எப்படிப் போனாள் என்று. கேட்டேன் என்று எழுதினால் யாருக்கும் போதவில்லை போலிருக்கிறது. அவனைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது. ஆனால் அவன் எதைக் கேட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டா. பாட்டா, அழுகையா, இல்லை அவள் யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாளா. வேண்டாம். ரெமி, வேண்டாம். மழை பிடித்துக்கொண்டது, ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக இறங்குகிறது, எதிர் மேஜைப் பெரியவர் தும்மிவிட்டு எல்லோரிடமும் தலையாட்டி மன்னிப்புக் கேட்கிறார், எனக்கு உடனே மூச்சை அடக்கிக்கொள்ளத் தோன்றுகிறது, பதினாலு வருடமாக யார் தும்மினாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும், கையைப் போய்க் கழுவிக்கொண்டு வரவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறேன், தோல் உரிந்து கிடக்கிறது, கல்லூரியில் பிள்ளைகள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள் என்று தெரியும். பயப்பட்டது யார். அவள் பயப்பட்டாள், பயப்பட்டுக்கொண்டே வேனில் ஏறாமல் இருந்தாள். அதை மறைக்கவா நான் இவ்வளவு பாடுபட்டேன். அதை மறைக்க இவ்வளவு வேண்டியிருக்கிறதா. பதினொன்று ஐம்பத்திரண்டு. விளக்கை அணைக்கிறேன். சுவடிக்குள் பட்டு நாடாவை வைத்து மூடுகிறேன். மதாமிடம் போனைக் காட்டி வெளியே போவதாகச் சைகை செய்கிறேன், அவர் தலையாட்டுகிறார்.

வெளி நடையில் கோட்டு மாட்டும் கம்பிக்கு அருகே நிற்கிறேன், சரியாகப் பன்னிரண்டுக்கு மணி அடிக்கிறது. "டீச்சர், தொபியாஸ் பேசுறேன். தோத்திரம். மழைச் சத்தமா அது? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது." நல்ல மனுஷன், நாற்பது வயசுக்குள்தான் இருக்கும், குரலில் கொஞ்சம் கூச்சம். "பதிவு பண்றேன் டீச்சர், பரவாயில்லையா? அப்புறம் நீங்க தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். முதல் ஆறு கேள்வி குடும்பம், படிப்பு, அது ஏற்கெனவே எங்கிட்ட இருக்கு. நேரா ஏழுக்குப் போயிரலாமா?" போகலாம் ஃபாதர். "சிஸ்டரோட கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்க. அவங்க முகம் எப்படி இருந்தது, என்ன வார்த்தை சொன்னாங்க, உங்க வாயாலயே சொல்லுங்க." வாயைத் திறக்கிறேன். அவளுக்குச் சாகப் பயம் ஃபாதர், சுருபத்தை வாங்கிக்கொள்ளவில்லை, என்று ஆரம்பிக்க வேண்டும், காலையிலிருந்து அதைத்தான் தயார் பண்ணி வைத்திருக்கிறேன். வருவது வேறு. "நான் பக்கத்துல இல்ல ஃபாதர்." "டீச்சர்?" "நான் உள்ள இல்ல. ஒன்பதாம் நாள்லேர்ந்து நான் அந்த அறைக்குள்ள போகவே இல்ல. நர்ஸ் பிள்ளை செத்ததும் எனக்குப் பயம் வந்துருச்சு. கதவுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். மூணு நாள். கதவைப் பிடிச்சுச் சாத்திக்கிட்டு." "அப்போ அவங்க முகம்..." "பாக்கல. அவ என்னைக் கூப்பிட்டா. ரெமி, ரெமின்னு. கேட்டேன். எல்லாம் கேட்டேன் ஃபாதர். எந்திரிச்சு வாளியில கையைக் கழுவுவேன், கதவு வரைக்கும் போவேன், திரும்ப வந்து உக்காந்துருவேன். மலர்ந்த முகம்னு சொன்னது என்னோட சொல்லு. ஒரு புஸ்தகத்துல இருந்து எடுத்தது. சேசு மரி சூசையும் நானாச் சேத்ததுதான்."

அவர் திட்டுவார் என்று நினைக்கிறேன். அல்லது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, டீச்சர் நீங்க களைப்பா இருக்கீங்க, அடுத்த வாரம் பேசலாம் என்று எனக்கு ஒரு வழியைத் திறந்துவிடுவார், நானும் அதில் நுழைந்துவிடுவேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. நேராகச் சொல்கிறார், "அப்படின்னா டீச்சர், இதுல நீங்க சாட்சி இல்ல." "இல்ல ஃபாதர்." "அட்டையை நிறுத்தச் சொல்லணும். ஆயர்கிட்ட நான் பேசணும். வழக்கு நிக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது." "சரி ஃபாதர்." சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுகிறேன், யாருடைய கோட்டோ ஈரமாகக் கன்னத்தில் படுகிறது. "ஒண்ணு கேக்கணும். அறையில யாருமே இல்லையா? தனியாவா போனாங்க?" யாருமே கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, பங்குச் சாமியார் கேட்கவில்லை, நான் இருந்தேன் என்றால் வேறு யார் வேண்டும். "மாடத்தின்னு ஒரு பேஷன்ட் ஃபாதர். வயசானவங்க. கடைசி ராத்திரி வார்டுல இருந்து அவங்களா நடந்து வந்து உள்ள போனாங்க. என்னைத் தாண்டித்தான் போனாங்க, ஒண்ணும் சொல்லல." "மாடத்தியா?" அவர் குரல் மாறுகிறது. "காது கொஞ்சம் மந்தம், கம்பு ஊணிக்கிட்டு?" "இன்னும் இருக்காங்களா?" "இருக்காங்க டீச்சர். விசாரணைக்குன்னு நாலு தடவை போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் வாசல்ல உக்காந்திருப்பாங்க. நான் தோத்திரம் சொல்லிட்டு அவங்களைத் தாண்டிப் போயிருவேன். ஒரு கேள்வி கேக்கல." எழுதும் சத்தம் கேட்கிறது. "அவங்க உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா, அப்புறம்?"

சொன்னாள். விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரப் பார்த்தாள், நான் நகர்ந்துகொண்டேன், அதைப் பார்த்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள், பதினாலு வருடம் கழித்து அதை இப்போது, ஒரு வெளிநாட்டு நூலகத்தின் நடையில், தரையில் உட்கார்ந்துகொண்டு, அவள் சொன்ன மாதிரியே ஃபாதரிடம் சொல்கிறேன். "முடிஞ்சுபோச்சு தாயி. தங்கச்சி எங்க, தங்கச்சி எங்கன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு. இந்தா வந்துட்டால்லா, புடிச்சுக்கோன்னு என் சோத்தாங்கையக் குடுத்தேன். புடிச்சுக்கிட்டுச்சு. அதுக்கப்புறம் கூப்பிடல." ஃபாதர் மூச்சை இழுத்துவிடுவது கேட்கிறது. "அப்போ உங்க கைன்னு நெனச்சு..." என்கிறார் மெதுவாக, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறார். இல்லை ஃபாதர். மாடத்தியின் வலது கையில் விரல் கிடையாது. ஒன்று கூடக் கிடையாது, கட்டை விரலில் பாதி மட்டும். பதினேழு வருடம் தினமும் காலையில் அந்தக் கையைக் கழுவி, மருந்து வைத்து, துணி சுற்றியது என் அக்காதான். அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. "அவளுக்குத் தெரியும் ஃபாதர்" என்கிறேன். "தெரிஞ்சுதான் புடிச்சிருக்கா."